கடலில் இருப்பவர்களுக்காக

நாப்பத்தொண்ணா? அப்பொ ரெண்டு மணி நேரத்துக்குக் கொறையாது, அண்ணாச்சி. உக்காருங்க. இப்பத்தான் முப்பதாம் நம்பர் உள்ள போயிருக்கு. இந்த டாக்டர் ஆளுக்குக் கால் மணி நேரம் பேசுவாராம், அதான் இந்தக் கூட்டம். இப்படித் தள்ளி உக்காருங்க, அங்கன ஃபேன் காத்து வராது.

உங்களுக்கும் தூக்கந்தானா? கேக்கவே வேண்டாம், கண்ணப் பாத்தாலே தெரியுது. எத்தன மாசமா? நாலா. நான் எட்டு மாசம் கெடந்தேன் அண்ணாச்சி. எட்டு மாசம். எங்க வீட்டுக்காரி பிரகாசி கேப்பா, நீரு படுத்திருக்கீரா, காவல் இருக்கீரான்னு. இப்பொ எனக்கு ஒண்ணும் இல்ல. படுத்த ஒடனே தூங்கிருதேன். எப்படின்னு கேட்டியன்னா சொல்லுதேன். ஆனா நீங்களும் அதச் செய்யுங்கன்னு சொல்ல மாட்டேன்.

நான் டோக்கன் எடுக்கல. உள்ள இருக்க முப்பதாம் நம்பர் எங்க ஊருப் பிள்ள, சலேத்து. அவளக் கூட்டிட்டு வந்திருக்கேன், ரெண்டு பஸ் மாறி. அவளுக்குக் கூடப்பொறந்தவனுவ மூணு பேரு இருக்கானுவ, ஒருத்தனும் கெளம்பல. நாந்தான் ரெண்டு மாசமா சொல்லிச் சொல்லி இண்ணைக்குச் சரின்னா. ஊர்ல நல்லாத்தான் பேசுதாவ. உபதேசியார் தங்கமான ஆளு, புருசனக் கடல்ல விட்ட பிள்ளைக்கு அவருதான் தொணைன்னு. பேசட்டும். நாம ஒண்ணும் பேசச் சொல்லல.

உபதேசியார்னா தெரியும்லா? சாமியாருக்கு அடுத்தபடி கோயில்ல நாந்தான். காலம்பற மணி அடிக்கது, பாட்டு எடுத்துக் குடுக்கது, செத்த வீட்ல செபம் சொல்லுதது, பூசையில வாசிக்கது. வாசிப்புக்கு எம் பேரு கஸ்பார்னு நாலு ஊருக்குத் தெரியும். மைக் இல்லாமலே கடேசி வரிசைக்குக் கேக்கும். சாமியாருவ வருவாவ, அஞ்சு வருசத்துல மாத்தலாகிப் போவாவ. நான் இருபத்தாறு வருசமா அங்கனதான் நிக்கேன்.

நீங்க திருநீறு பூசியிருக்கிய, எங்க வழக்கம் தெரிஞ்சிருக்காது. நவம்பர் மாசம் எங்களுக்கு ஆத்துமாக்கள் மாசம். செத்தவுகளுக்காக வேண்டிக்கிடுத மாசம். ஒவ்வொரு வீட்லயும் அவுக வீட்டுச் செத்தவுக பேரச் சீட்டுல எழுதி, கோயில்ல ஒரு பெட்டி வச்சிருக்கோம், அதுல போடுவாவ. ஒரு நாளைக்கு ஒரு தெரு. அந்தத் தெருச் சீட்ட எல்லாம் காலைப் பூசையில நான் வாசிப்பேன். பேரு வாசிக்கும்போது கோயிலே அமைதியாக் கெடக்கும். தாத்தா பேரு, கொளந்தையில போன பிள்ள பேரு, எல்லாம் வரும். சனம் அழும். என் குரலுக்கும் அதுக்கும் அப்படி ஒரு பொருத்தம் பாத்துக்கிடுங்க.

பக்கத்துலயே இன்னொரு பெட்டி உண்டு. அது உசுரோட இருக்கவுகளுக்கு. சீக்குக்காரவுக, வெளிநாட்ல இருக்கவுக. முக்கியமாக் கடலுக்குப் போறவுக. புருசன் தொழிலுக்குப் போற பொம்பளைய பேர எழுதிப் போட்டுட்டுப் போவாவ. அத வாசிக்க மாட்டோம். மொத்தமா எடுத்துப் பீடத்துல வைப்போம், அவ்வளவுதான். ரெண்டு பெட்டியும் ஒரே மாதிரிப் பெட்டி. ஆனா இருபத்தாறு வருசத்துல ஒரு நாள் மாறினது கெடையாது.

போன நவம்பர் மாறிட்டு.

காத்து அண்ணாச்சி. வாடக் காத்து. வாசிக்கதுக்கு முந்தின நாள் சாயங்காலம் ரெண்டு பெட்டியையும் ஒரே மேசையில தட்டினேன். சன்னல் தொறந்து கெடந்துச்சு. சீட்டெல்லாம் பறந்துட்டு. குனிஞ்சு குனிஞ்சு பெறக்கினேன். அதுல ஒரு சீட்டு இந்தக் கட்டுல இருந்து அந்தக் கட்டுக்கு வந்துட்டு. காலண்டர் தாள் கிழிச்சு எழுதின சீட்டு. பேரு மட்டுந்தான் இருந்துச்சு. தஸ்நேவிஸ்.

தஸ்நேவிஸ் யாருன்னா இந்தச் சலேத்துக்க புருசன். எனக்குச் சேக்காளி. சேக்காளின்னா... நாங்க ரெண்டு பேரும் சின்னப் பிள்ளையில கோயில்ல ஒண்ணா ஞான உபதேசம் படிச்சோம், ஒண்ணா புதுநன்மை வாங்கினோம். பதினேழு வயசுல ஒரே வள்ளத்துல மொத மொதக் கடலுக்குப் போனோம். எனக்குக் கடல் ஆகல. போன அர மணிக்குள்ள கொடலே வாயில வந்துட்டு. வள்ளத்தத் திருப்பி என்னைக் கரையில எறக்கி விட்டுட்டுப் போனாவ. எறங்குறப்போ ஒரு அலை வந்துச்சு, நான் ஓடினேன். அதப் பாத்து அவன் ஒரு பேரு வச்சான். கரைநண்டு.

சின்னப் பேருதான். அலை வந்தா ஓடிப் போயி வளைக்குள்ள பூந்துக்கிடும்லா, அந்த நண்டு. ஊரே பிடிச்சுக்கிட்டு. முப்பத்திரண்டு வருசம் அண்ணாச்சி. எனக்குக் கல்யாணம்னு கோயில்ல ஓலை வாசிச்சு அறிவிக்கும்போது கூட பின்னால இருந்து எவனோ சொன்னான். பிரகாசிக்குக் கோவம் வந்தா அவளும் சொல்லுவா. புதுச் சாமியார் வந்த அண்ணைக்கு, உபதேசியார் யாருப்பான்னு கேட்டாரு. தஸ்நேவிஸ் எந்திரிச்சு, 'நம்ம கரைநண்டுதான் சாமி'ங்கான். சாமியாரும் சிரிச்சுட்டாரு. அதெல்லாம் நான் மனசுல வைக்கல. வச்சிருந்தா கோயில் வேல பாக்க முடியுமா?

அண்ணைக்கு வெள்ளிக்கிழம. அஞ்சரை மணிப் பூசை. பிரசங்கம் முடிஞ்சதும் பேரு வாசிக்க ஏறினேன். மணி அஞ்சு அம்பது இருக்கும். மேலத் தெருச் சீட்டு. பத்துப் பன்னெண்டு சீட்டு வாசிச்சு, தஸ்நேவிஸ்னு வாசிச்சேன். மைக்ல. இந்தக் குரல்ல.

கோயில்ல ஒரு சலசலப்பு. பொம்பளையள்ல ரெண்டு பேரு சிரிச்சுட்டாவ. ஏன்னா அவன் ராத்திரி ரெண்டு மணிக்கு வள்ளத்தத் தள்ளிக்கிட்டுப் போனத எல்லாரும் பாத்திருக்காவ. சலேத்து நாலாவது வரிசையில இருந்தா. எந்திரிச்சு நின்னா. பூசை முடிஞ்சு போயி, கை தவறிட்டு தாயின்னு சொன்னேன். 'பரவாயில்ல அண்ணே, ஆயுசு கூடும்'னா. எங்க பக்கம் அப்படிச் சொல்லுவாவ. செத்ததா வதந்தி வந்தா ஆயுசு கூடும்னு.

மத்தியானம் வள்ளம் வந்துச்சு. அவன்கூடத் தொழிலுக்குப் போன மிக்கேலும் ரோமால்டும் ரெண்டு பேரா வந்தானுவ. இவன் இல்ல.

வல வளைக்கும்போது கால்ல கயிறு சுத்தி இழுத்திருக்கு. ரெண்டு பேரும் குதிச்சுத் தேடியிருக்கானுவ. நீவாடு, அதான் கடல்ல ஓடுத தண்ணி இழுப்பு, அந்தப் பக்கம் இழுத்துக்கிட்டு ஓடியிருக்கு. நாலு நாள் நாப்பது வள்ளம் போயித் தேடினாவ. உடலு கெடைக்கல. இண்ணை வரைக்கும் கெடைக்கல.

ஊர்ல யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லல. அதச் சொல்லணும். ஒருத்தர் கூடச் சொல்லல. என்னையப் பாத்தா மட்டும் பேச்ச நிப்பாட்டிருவாவ.

எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும்னு இருந்துச்சு. எத்தன மணிக்குங்கது. நீங்களே யோசிங்க. அவன் அஞ்சரைக்குப் போயிட்டான்னு வைங்க, அப்பொ நான் வாசிச்சது செத்தவன் பேரு. ஆண்டவரே அந்தச் சீட்ட மாத்தி வச்சிருக்காரு, மொதச் செபம் அவனுக்கு என் வாயால கெடைச்சிருக்கு. புண்ணியம். அவன் ஆறு மணிக்குப் போயிருந்தா? அப்பொ நான் வாசிக்கும்போது அவன் வல இழுத்துக்கிட்டு நிக்கான். உசுரோட நிக்கான். நான் இங்கன இருந்து அவனச் செத்தவுகளோட சேத்து விடுதேன்.

மிக்கேல்ட்ட கேட்டேன். விடிவெள்ளி இருந்துச்சுன்னான். ரோமால்டுட்ட கேட்டேன். மொகம் தெரியுத வெளிச்சம் வந்துட்டுன்னான். ரெண்டு பேருட்டயும் கைக்கடியாரம் கெடையாது. செல்லு பாலித்தீன் கவர்ல கட்டிக் கெடக்கு. விடிவெள்ளிக்கும் வெளிச்சத்துக்கும் எடையில அஞ்சு அம்பது வருது அண்ணாச்சி. சரியா எடையில வருது. மறுபடி கேட்டேன். வெளிச்சம்னா எவ்வளவு வெளிச்சம், கயிறு தெரிஞ்சுதா, கயித்துல முடிச்சு தெரிஞ்சுதான்னு கேட்டேன். மிக்கேல் ஒரு நாள் சட்டையப் பிடிச்சுட்டான். 'அவன் போன நேரந்தான் ஒமக்கு வேணும், அவன் வேண்டாம் என்னவே'ன்னான். படிக்காதவன். அவனுக்கு என்ன தெரியும்.

அதுல இருந்து தூக்கம் போச்சு. படுத்தா அந்தக் கணக்குதான் ஓடும். ராத்திரி வாசல்ல யாரோ கால் மண்ணத் தட்டுத சத்தம் கேக்கும். கடல்ல இருந்து வந்தவன் வீட்டுக்குள்ள ஏறுததுக்கு முன்ன இப்படி ரெண்டு தட்டு தட்டுவாம்லா, அந்தச் சத்தம். எந்திரிச்சுப் போயிப் பாப்பேன். ஒண்ணும் இருக்காது. நாயிதான்னு பிரகாசி சொல்லுவா. நாயி காலத் தட்டுமா? பயந்துக்கிட்டே கெடப்பேன், ஆனா ஒரு பக்கம் காதக் குடுத்துக்கிட்டும் கெடப்பேன். ஏ கரைநண்டேன்னு ஒரு வாட்டி கூப்பிட்டுட்டான்னா போதும்னு இருக்கும். அந்தப் பேரக் கேக்கதுக்கு நான் ஏங்குவேன்னு நெனைச்சுப் பாத்ததே இல்ல.

சாமியார்ட்ட போனேன். நல்ல மனுசன். சீட்டப் பாத்தாவே ஆண்டவர் ஆள எடுக்காருன்னு கேட்டாரு. நீரு மனசப் போட்டுக் கொழப்பாதேயும், படுக்கும்போது செபம் பண்ணி எல்லாத்தையும் அவரு கையில ஒப்படைச்சிட்டுப் படும், தூக்கம் தன்னால வரும்னாரு. இத அவரு எனக்குச் சொல்லுதாரு. நான் ஊருக்கே சொல்லுதவன்.

எங்க வீடுகள்ல படுக்கதுக்கு முன்ன செபம் உண்டு. பிரகாசி சொல்லுவா, நான் பதில் சொல்லுவேன். கடேசியில ரெண்டு பட்டியல் வரும். மொதல்ல கடல்ல இருக்கவுகளுக்காக. பேர் பேராச் சொல்லி, பத்திரமாக் கரை சேத்தருளும்னு கேப்போம். பொறவு ஆத்துமாக்களுக்காக. அதுக்கும் பேர் சொல்லி, நித்திய இளைப்பாற்றி குடும்னு கேப்போம். அத்தோட வெளக்க அணைச்சுருவோம். இருபத்தஞ்சு வருசமா எங்களுக்கு அதுதான் தாலாட்டு.

சாமியார் சொன்ன அண்ணைக்கே சலேத்து வீட்டுக்கு வந்தா. வாசல்ல நின்னுக்கிட்டுத்தான் பேசினா. 'அண்ணே, உடலு கெடைக்காம நான் அவர ஆத்துமாக்கள்ல சேக்க மாட்டேன். கப்பல்காரவுக தூக்கியிருக்கலாம். எங்கயாவது கரையில ஒதுங்கியிருக்கலாம். ஊர்ல எல்லாரும் அவருக்கு இளைப்பாற்றி சொல்லுதாவ. நீங்க சொல்லாதீங்க. நீங்கதான் அந்தப் பட்டியல்ல அவர மொதல்ல சேத்திய. நீங்கதான் எடுக்கணும். தெனம் படுக்கும்போது கடல்ல இருக்கவுகளோட சேத்து அவரு பேரச் சொல்லுங்க.' சத்தியம் பண்ணிக் குடுங்கன்னா. குடுத்தேன். அந்த எடத்துல யாராயிருந்தாலும் குடுத்திருப்பாவ.

சொன்னேன் அண்ணாச்சி. தெனமும் சொன்னேன். கடல்ல இருக்க தஸ்நேவிஸப் பத்திரமாக் கரை சேத்தருளும். சொல்லி முடிச்சுப் படுத்தா அவன் கரைக்கு வருத சத்தம் கேக்க ஆரம்பிச்சுரும். கேட்டது கெடைச்சுருமோன்னு பயம். எட்டு மாசம்.

சூலை மாசம் பிரகாசி மக வீட்டுக்குப் போயிருந்தா. பேறுகாலம். நான் தனியா. தனியாத்தான் செபம் சொன்னேன். கடல்ல இருக்கவுக பட்டியல் வந்துச்சு, அவன் பேரு தொண்டைக்கு வரல. விட்டுட்டு அடுத்ததுக்குப் போனேன். எங்க அப்பா, எங்க அம்மா, சின்னதுல போன என் தங்கச்சி. தங்கச்சி பேருக்குப் பொறவு அவன் பேரு தன்னால வந்துட்டு. நித்திய இளைப்பாற்றியை அவனுக்கு அளித்தருளும்னு முழுசாச் சொல்லிட்டேன். அழுதேன். இளைப்பாறுல மாப்பிளன்னு வாய் விட்டே சொன்னேன். அவ்வளவுதான் தெரியும். முழிச்சா வெயில் அடிக்குது. இருபத்தாறு வருசத்துல அண்ணைக்குத்தான் காலை மணி அடிக்காமப் போச்சு. நண்டு வளைக்குள்ள நல்லா ஒறங்கிட்டுன்னு ஊரே கேலி.

அதுல இருந்து இதுதான் வழக்கம். பிரகாசி வந்த பொறவு அவளோட சத்தமாச் செபம் சொல்லுவேன், சலேத்துக்குக் குடுத்த வாக்குப்படி கடல்ல இருக்கவுகளோட அவன் பேரச் சொல்லுவேன். சலேத்து வீடு ரெண்டு வீடு தள்ளி. எங்க சன்னல் தெருப் பக்கம். அவளுக்குக் கேக்கும். வெளக்க அணைச்சதும் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்து, மனசுக்குள்ள அவனுக்கு இளைப்பாற்றி சொல்லுவேன். தெனம் ஒரு வாட்டி அவன அடக்கம் பண்ணுதேன். பண்ணினாத்தான் தூக்கம் வருது. பண்ணின ஒடனே வந்துருது.

பாவமா புண்ணியமான்னு எனக்குத் தெரியல. செத்தவனுக்குச் செபம் சொல்லுதது பாவமா?

ஆனா அவ தூங்கலியே. அவ கதவுக்கு நாதாங்கி போடாமப் படுக்கா. வந்தா தட்டிக்கிட்டு நிக்கக் கூடாதாம். என்னையப் பாக்கும்போதெல்லாம், 'அண்ணே, நீங்க சொல்லுதது சன்னல் வழியாக் கேக்குது, அதுலதான் நான் இருக்கேன்'ங்கா. எலும்பும் தோலுமா ஆயிட்டா. அதான் இங்க கூட்டிட்டு வந்தேன். டாக்டர் படிச்சவரு, பக்குவமா எடுத்துச் சொல்லுவாரு, போனவன் போயிட்டான்னு. அடுத்த மாசம் ஆத்துமாக்கள் மாசம். அவளே தன் கையால சீட்டு எழுதி அந்தப் பெட்டியில போட்டுட்டான்னா நான் சொல்லுததும் பொய்யில்லாமப் போயிரும்லா. அவளுக்கும் நல்லது.

ஒண்ணு சொல்லவா? நீங்க எங்கயோ போகப் போறிய, நான் எங்கயோ போகப் போறேன். சாமியார்ட்ட பாவத்தச் சொல்லி மன்னிப்புக் கேப்போம்லா, அந்தப் பாவசங்கீர்த்தனத்துல கூட இத நான் சொல்லல.

காத்து அடிச்சது உண்மை. சீட்டு மாறினது உண்மை. ஆனா வாசிக்கும்போது நான் பாத்தேன். அந்தச் சீட்டு மேல வந்ததும் பாத்தேன். காலண்டர் தாளு, சலேத்து எழுத்து. அர நொடி இருந்துச்சு. அந்தச் சீட்ட அடியில தள்ளிட்டு அடுத்ததுக்குப் போயிருக்கலாம், யாருக்கும் தெரியாது. அந்த அர நொடியில என்ன நெனைச்சேன்னு நெனைக்கிய? சாகட்டும்னா? மாதா மேல சத்தியமா இல்ல. இத வாசிச்சா ஊரு சிரிக்கும்னு நெனைச்சேன். மத்தியானம் அவன் கரைக்கு வருவான், செத்துப் பொழைச்சவன் வாரான் பாருன்னு ஒரு வாரத்துக்காவது கேலி பண்ணுவாவ, அவன் மொகம் எப்படிப் போகுதுன்னு பாப்போம்னு நெனைச்சேன். முப்பத்திரண்டு வருசத்துக்கு ஒரு வாரம். அவ்வளவுதான் கேட்டேன். பொம்பளைய சிரிச்சாவன்னு சொன்னேம்லா, எனக்கும் உதட்டுல வந்துட்டு. தலையக் குனிஞ்சு அடுத்த சீட்ட எடுத்தேன்.

இருங்க. கதவு தொறக்குது. அவதான்.

என்ன தாயி, முடிஞ்சுதா? என்ன சொன்னாரு? ... ம். ... ம். ... சரி தாயி. சரி. நீ போயி அந்தக் கவுண்டர்ல மருந்த வாங்கு, நான் இங்கன இருக்கேன்.

கேட்டியளா அண்ணாச்சி? மெதுவாத்தான் பேசினா, உங்களுக்குக் கேட்டிருக்கும். டாக்டர் நல்லாத்தான் பேசியிருக்காரு. அழச் சொல்லியிருக்காரு, அழுதிருக்கா. ஒரு வருசமா அழாதவ. 'அண்ணே, என்னால முடியல, நான் தூங்கணும், எனக்கு ரெண்டு பிள்ளைய இருக்கு'ன்னா. அடுத்த மாசம் சீட்டு எழுதிப் போட்டுருதேன்னா. இண்ணைக்கு ராத்திரி கதவச் சாத்திருதேன்னா. எனக்கு அப்படியே நெஞ்சுல இருந்து ஒரு பாரம் எறங்கிட்டு. கேட்டியளா, பொறவு என்ன சொன்னான்னு?

'நீங்க மட்டும் விட்டுராதீங்க அண்ணே. நீங்க கடல்ல இருக்கவுகளோடயே சொல்லுங்க. அவரு எங்கயாவது இருந்தார்னா, நினைக்கதுக்கு ஒரு ஆளாவது இருக்கணும். ஒரு ஆளு போதும். நீங்க முழிச்சிருக்கியங்குத தைரியத்துலதான் நான் கதவச் சாத்துதேன்'னா. கையப் பிடிச்சுக்கிட்டா. நீங்க பாத்தியள்ல, நான் தலைய ஆட்டினேன்.

இனி எப்படி நான் செவுத்துப் பக்கம் திரும்புவேன்? மூணு மாசமாத்தான் அண்ணாச்சி தூங்குதேன். மூணு மாசம். மறுபடியும் அந்தக் கால் தட்டுத சத்தத்தக் கேட்டுக்கிட்டு என்னால கெடக்க முடியாது. சத்தியமா முடியாது.

மருந்து வாங்குத வரிசையில அவளுக்கு முன்ன ஒருத்தர்தான் நிக்காரு. வந்துருவா. அதுக்குள்ள ஒண்ணு கேக்கட்டா? தப்பா எடுத்துக்கிடாதீங்க. உங்க சாமி எதுன்னாலும் சரி, ராத்திரி படுக்கும்போது கும்பிடுவியள்ல. ஒரே ஒரு பேரச் சேத்துக்கிடுவியளா? உங்களுக்கு அவன் யாரோதான, உங்களுக்கு ஒரு சத்தமும் கேக்காது. பேரு தஸ்நேவிஸ். கடல்ல இருக்கான், பத்திரமாக் கரை சேத்துருன்னு சொன்னாப் போதும். அந்த ஒரு ஆளு நீங்களா இருந்துட்டுப் போங்க.

செத்துட்டான்னு மட்டும் நெனைச்சுராதீங்க. அது நான் பாத்துக்கிடுதேன்.